கற்திட்டைகள் பஸ் ரோட்டை ஒட்டியே இருக்கின்றன என்கிறது என் கணக்கு. எங்கே பிழை?

கீழ்மலை_கணக்கு எழுதியது:

வணக்கம். பழனி மலையின் கீழ்மலையில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணிதம் கற்பிக்கிறேன். பிறந்து வளர்ந்ததும் இங்கேதான், தாண்டிக்குடிக்குப் பக்கத்தில். எங்கள் காப்பித் தோட்டத்தின் மேல்மூலையில் ஒரு கற்திட்டை நிற்கிறது. மூன்று பக்கமும் நிறுத்திய பலகைக் கல், மேலே ஒரு மூடுகல். பாட்டி அதைக் குள்ளர் வீடு என்பார். பழம் பறிக்கப் போகிற நாட்களில் எங்கள் சாப்பாட்டுத் தூக்கு அதன் நிழலில்தான் இருக்கும். அது இரும்புக் காலத்து ஈமச் சின்னம் என்று கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்துகொண்டேன். அன்றிலிருந்து அந்தக் கல்லைச் சும்மா கடந்து போக முடியவில்லை.

2023 ஜூனிலிருந்து சனிக்கிழமைகளில் மாணவர்களை அழைத்துக்கொண்டு நடக்கிறேன். கைப்பேசி ஜிபிஎஸ்ஸில் இதுவரை 131 கட்டுமானங்களைப் பதிந்திருக்கிறோம். பெரும்பாலானவை பாறைத் தளத்தின் மேல், சிலவற்றைச் சுற்றி அடுக்குக்கல் சுவரும் இருக்கிறது. 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடார் கொண்டு அளந்த உயரத் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. 30 மீட்டர் கட்டம். அதிலிருந்து ஒவ்வோர் இடத்துக்கும் உயரம், சரிவு, சரிவின் திசை, நீரோடைக்கான தூரம் ஆகியவற்றை எடுத்தோம். அதே பரப்பில் கண்ணை மூடிக்கொண்டு 1000 புள்ளிகளைப் போட்டு அவற்றைக் கல் இல்லாத இடம் என்று வைத்தோம். இரண்டையும் ஒப்பிட்டு லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் ஓட்டினோம், அதாவது கல் இருக்கும் வாய்ப்பை எது எவ்வளவு மாற்றுகிறது என்று பார்க்கும் கணக்கு.

முதலில் நீரோடைதான் முன்னால் நின்றது. ஓடையை ஒட்டித்தான் கட்டினார்கள் என்று மகிழ்ந்து கரும்பலகையில் எழுதியும் விட்டேன். அப்போது பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி, தார் ரோட்டுக்கு உள்ள தூரத்தையும் அட்டவணையில் ஒரு பத்தியாகச் சேர்த்துப் பார்க்கலாமா என்று கேட்டாள். சேர்த்தோம். ஓடையின் பங்கு கரைந்து போனது. ரோட்டிலிருந்து 500 மீட்டர் விலகினால் கல் இருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகிறது என்றது கணக்கு.

"அவர்கள் காலத்தில் ரோடே இல்லையே டீச்சர்" என்றாள். அவளுக்கு நான் நேர்மையான பதில் சொல்ல வேண்டும். அந்தப் பத்தியைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடைக் கதைக்கே திரும்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. என்ன செய்வது?

இன்னும் இரண்டு உண்டு. திட்டைகள் எல்லாம் சமவெளியைப் பார்த்தே நிற்கின்றன என்று ஒரு மாணவன் படம் வரைந்திருக்கிறான். அதை எப்படிச் சோதிப்பது? இன்னொருவன், தமிழ்நாட்டில் வெளியான கார்பன் தேதிகளையெல்லாம் கூட்டி மக்கள்தொகை ஏறி இறங்கியதை வரையலாமா என்கிறான்.

பரவல் எழுதியது:

டீச்சர், உங்கள் மாணவி கேட்டது ஒரு முனைவர் பட்டத்துக்குரிய கேள்வி. அந்தப் பத்தியை எறியாதீர்கள். உங்கள் தரவைப் பற்றி அது மட்டும்தான் உண்மையைச் சொல்லியிருக்கிறது.

ஒரு புள்ளி உங்கள் அட்டவணையில் ஏறுவதற்கு இரண்டு காரியம் நடந்திருக்க வேண்டும். அங்கே கல் இருக்க வேண்டும். நீங்கள் அதைப் பார்த்திருக்கவும் வேண்டும். உங்களுக்குக் கிடைத்திருப்பது இந்த இரண்டு நிகழ்தகவுகளின் பெருக்கல். ரோட்டுப் பக்கம் அடிக்கடி நடந்திருப்பீர்கள். அந்த 1000 புள்ளிகளில் எத்தனையில் காலை வைத்தீர்கள்? போகாத இடத்தையும் கல் இல்லாத இடம் என்று எழுதிவிட்டீர்கள். ஓடை முதலில் முன்னால் வந்ததும் இதனாலேயே இருக்கலாம், ரோடு ஓடையைத் தொட்டுத் தொட்டுப் போகிற மலைகளில் இது சகஜம்.

இனி நடக்கும்போது கைப்பேசியில் நடைத்தடத்தையும் பதியுங்கள். ஒப்பீட்டுப் புள்ளிகளை நீங்கள் நடந்த பட்டைக்குள்ளிருந்து மட்டும் எடுங்கள். 'பார்த்தோம், இல்லை' என்பதும் 'பார்க்கவில்லை' என்பதும் வேறு வேறு. தொல்லியல் வரைபடங்களில் பாதிக்கு மேல் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன என்பது என் எண்ணம்.

அடுத்தது, ஒரே பாதையை இரண்டு அணிகள் தனித்தனியாக நடக்கட்டும். குளத்து மீனை அடையாளமிட்டு விட்டு, மறுபடி பிடித்து எண்ணுகிற முறைதான் இது. முதல் அணி 38 கண்டது, இரண்டாம் அணி 30 கண்டது, இருவரும் கண்டது 19 என்று வைத்துக்கொள்ளுங்கள். 38ஐ 30ஆல் பெருக்கி 19ஆல் வகுத்தால் 60. இருவருமாகக் கண்டது 49. ஆகவே சுமார் 11 கண்ணில் படாமல் இருக்கின்றன. கண்டறியும் வாய்ப்பை இப்படித் தனியாக அளந்துவிட்டால் அந்தப் பெருக்கலைப் பிரித்துவிடலாம். ஒருவர் கண்டதை மற்றவருக்குச் சொல்லக்கூடாது, அது முக்கியம்.

131 என்பது 131 அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். திட்டைகள் கூட்டமாக நிற்கும். ஒரு பாறையில் ஒன்பது நின்றால் அந்தப் பாறையை ஒருமுறைதான் தேர்ந்தெடுத்தார்கள். கூட்டங்களை எண்ணி எழுதுங்கள்.

சமவெளி விஷயம்: மலைவிளிம்பில் எங்கே நின்றாலும் சமவெளி தெரியும். அதே விளிம்பில், அதே உயரத்தில் தற்செயலாக ஆயிரம் இடங்களைப் பொறுக்கி, அங்கிருந்து எவ்வளவு சமவெளி தெரிகிறது என்று கணக்கிடுங்கள். திட்டைகள் அந்த ஆயிரத்தைவிடத் தெளிவாக அதிகம் பார்த்தால் மட்டும் 'பார்த்து நிற்கின்றன' என்று சொல்ல உரிமை உண்டு.

பழைய_மேஸ்திரி எழுதியது:

நான் சொல்கிறேன், பேத்தி தட்டச்சு செய்கிறாள். நாற்பது வருடம் காப்பித் தோட்டத்தில் மேஸ்திரியாக இருந்தவன். உங்கள் கணக்கு எனக்குப் புரியாது டீச்சர் அம்மா. ஆனால் ரோடு அப்போது இல்லை என்று அந்தப் பிள்ளை சொன்னதில் பாதிதான் சரி.

பஸ் வருவதற்கு முன் எங்கள் பக்கத்துச் சரக்கெல்லாம் தலைச்சுமையிலும் குதிரை முதுகிலும்தான் அய்யம்பாளையத்துக்கு இறங்கியது. காப்பி, ஏலம், மிளகு, எல்லாம். ரோடு போட வந்தவர்கள் புதிதாக வழி கண்டுபிடிக்கவில்லை. முக்கால்வாசி இடத்தில் அந்தக் குதிரைப் பாதையைத்தான் அகலப்படுத்தினார்கள். வண்டி ஏறாத செங்குத்தில் மட்டும் ரோடு வளைந்து வளைந்து விலகிப் போகும். அங்கே பழைய பாதை தனியாகக் கிடக்கிறது, இப்போது ஆள் நடப்பதில்லை. அந்தப் பாதை யார் போட்டது என்று என் தாத்தாவுக்கும் தெரியாது. அவர் சிறுவனாக இருந்தபோதே கல் தேய்ந்து வழவழப்பாக இருந்ததாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மனதில் வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு காப்பிக் களம் கட்டினார்கள். களத்துக்கும் வாய்க்கால் மூடுவதற்கும் பலகைக் கல் வேண்டியிருந்தது. குள்ளர் வீட்டிலிருந்துதான் எடுத்தோம். ஆறு பேர் மூங்கில் போட்டுத் தூக்கி வந்தோம், நானும் அதில் ஒருவன். அது பிணம் வைத்த இடம் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தொட்டிருக்க மாட்டோம்.

கரித்துண்டு எழுதியது:

தொல்லியலில் ஆய்வு மாணவன். தேதிகளைக் கூட்டுவது பற்றி மட்டும் எழுதுகிறேன். நான் இரவு பகலாக மல்லுக்கட்டுவது இதனோடுதான்.

உயிர் போன பொருளில் கார்பன் 14 ஏறத்தாழ 5730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகிறது. ஆனால் காற்றில் அதன் அளவு எல்லா நூற்றாண்டிலும் ஒன்றாக இருந்ததில்லை. ஆகவே ஆய்வகம் தரும் எண்ணை மரவளையங்களைக் கொண்டு வரைந்த ஒரு வளைகோட்டில் வைத்து நாட்காட்டி ஆண்டாக மாற்ற வேண்டும். வடகோளத்துக்கு இப்போது புழங்குவது 2020இல் வெளியான கோடு. தமிழ்நாட்டு இரும்புக் காலத்தைப் படிப்பவர்களின் தலையெழுத்து, அந்தக் கோடு கி.மு. 800க்கும் 400க்கும் இடையே கிட்டத்தட்டத் தட்டையாகக் கிடக்கிறது. ஆய்வகம் 2450 கார்பன் ஆண்டுப் பழையது, கூட்டல் கழித்தல் 30 என்று துல்லியமாகச் சொன்னாலும், நாட்காட்டியில் அது சுமார் கி.மு. 755 முதல் 410 வரை எங்கும் விழலாம். மூன்றரை நூற்றாண்டு! நமக்கு மிக வேண்டிய நூற்றாண்டுகள் அவைதான்.

உங்கள் மலையடிவாரத்துப் பொருந்தலை எடுத்துக்கொள்ளுங்கள். 2009இல் புதுவைப் பல்கலைக்கழகத்தின் கா. ராஜன் தலைமையில் அங்கே அகழ்ந்தார்கள். ஒரு கல்லறையில் நாலுகால் ஜாடிக்குள் ஏறத்தாழ இரண்டு கிலோ நெல், தமிழி எழுத்துப் பொறித்த பிரிமனை. நெல்லின் தேதி கி.மு. 490 என்று வந்தது. நெல்மணி ஒரு பருவத்துப் பயிர் என்பது பெரிய நன்மை. மரக்கரியாக இருந்தால், வெட்டும்போதே முந்நூறு வயதான மரத்தின் உட்கட்டையாக இருக்கலாம். அப்போது தேதி அந்த அளவு பழையதாகக் காட்டும். ஆனால் 490ம் அந்தத் தட்டையான பகுதிக்குள்தான் விழுகிறது. கீழடியின் கி.மு. 580, மயிலாடும்பாறையின் 2172, 2025 ஜனவரியில் அறிவித்த சிவகளையின் 3345 என்று நாம் ஒற்றை எண்ணாக மனப்பாடம் செய்கிறோம். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு வீச்சு இருக்கிறது. மாணவர்களுக்கு வீச்சைச் சொல்லிக் கொடுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

தேதிகளின் எண்ணிக்கையை மனிதரின் எண்ணிக்கையாகப் பார்க்கலாம் என்ற யோசனை பழையது. 1987இல் ஜான் ரிக் பெரு நாட்டுத் தேதிகளை வைத்து அதைச் செய்துகாட்டினார். கவர்ச்சியான முறை. ஆனால் வளைகோடு தட்டையான இடத்தில் தேதிகள் பரந்து கிடக்கும், செங்குத்தான இடத்தில் குவிந்து சிகரம் காட்டும். ஒரு மனிதர்கூடப் பிறக்காமலும் இறக்காமலும் அந்த மேடுபள்ளம் வந்துவிடும். பழைய பொருள் அதிகம் அழிந்திருக்கும் என்பதால், எந்த வரைபடமும் இன்றை நோக்கி ஏறுவதாகவே தோன்றும். எந்தக் காலத்தை ஆராயப் பணம் ஒதுக்கினார்கள் என்பதும் அதில் கலந்திருக்கிறது.

மாணவனைத் தடுக்காதீர்கள், தலைகீழாகச் செய்யச் சொல்லுங்கள். மக்கள்தொகை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை என்று வைத்துக்கொண்டு, அதே எண்ணிக்கையில் பொய்த் தேதிகளை உருவாக்கி, அதே வளைகோட்டில் மாற்றி, ஆயிரம் முறை கூட்டட்டும். ஆயிரம் கோடுகளும் சேர்ந்து ஒரு பட்டையாகும். உண்மைத் தேதிகளின் கோடு அந்தப் பட்டையை விட்டு எங்கே வெளியே போகிறதோ அங்கே மட்டும் பேசலாம்.

இந்தத் தட்டைப் பகுதியைச் சற்றே வெல்ல ஒரு வழி உண்டு. கீழடுக்குக் கரி மேலடுக்குக் கரியைவிட முந்தியது என்று மண்ணே சொல்கிறதல்லவா? அந்த வரிசையையும் பேயஸ் முறையில், அதாவது முன்பே தெரிந்ததையும் சேர்த்துக் கணக்கிடும் முறையில், கணக்குக்குள் கொடுத்தால், வரிசைக்கு ஒவ்வாத ஆண்டுகள் கழிந்து வீச்சு சுருங்கும். ஆக்ஸ்போர்டின் ஆக்ஸ்கால் மென்பொருள் இதைச் செய்கிறது. குழியில் அடுக்கைக் கவனமாகப் பிரித்து எழுதியவருக்குத்தான் இந்தப் பலன். திறந்து கிடக்கிற, புதையல் தேடிக் கிளறிய திட்டைகளில் அந்த வரிசை பெரும்பாலும் போய்விட்டது.

கோத்தகிரி_வாசி எழுதியது:

கடைசி வரி நெஞ்சில் தைக்கிறது. எங்கள் நீலகிரியில் அந்த இழப்பு நூற்றைம்பது ஆண்டுப் பழசு. 19ஆம் நூற்றாண்டிலேயே மலையுச்சிக் கல்வட்டங்களை அதிகாரிகள் தோண்டினார்கள். முதல் ஆணையராக இருந்த பிரீக்ஸ் சேகரித்தவற்றைப் பற்றிய நூல், அவர் இறந்த பிறகு 1873இல் வெளிவந்தது. எருமை உருவம் வைத்த பானை மூடிகளும் வெண்கலக் கிண்ணங்களும் அருங்காட்சியகங்களில் அழகாக இருக்கின்றன. எது மேலே கிடந்தது, எது கீழே, எந்தக் கரிக்குப் பக்கத்தில் என்பதை இனி எந்தக் கணக்கும் திருப்பித் தராது. டீச்சர், உங்கள் பிள்ளைகள் எதையும் தோண்டாமல் நடந்து மட்டும் பதிவதற்கு நன்றி.

கீழ்மலை_கணக்கு எழுதியது (ஐந்து வாரம் கழித்து):

எல்லோருக்கும் நன்றி. மேஸ்திரி ஐயா, உங்களுக்குத்தான் முதலில். நீங்கள் எழுதியதை வகுப்பில் வாசித்தேன். யாரும் பேசவில்லை. பிறகு அந்த மாணவி, "அப்படியானால் ரோட்டுக்குப் பதிலாகப் பழைய பாதையைப் பத்தியாக வைக்க வேண்டும்" என்றாள்.

அதைச் செய்தோம். பஸ் ரோடு வளைந்து விலகுகிற ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்தோம். ரோட்டோரமாகவும் பழைய பாதையோரமாகவும் ஒரே அகலப் பட்டையை, இரண்டு அணிகள் வெவ்வேறு சனிக்கிழமைகளில் நடந்தன. ஓர் அணிக்கு நான், மற்றதற்கு விலங்கியல் ஆசிரியை. இடையில் நாங்கள் இருவரும் கற்களைப் பற்றி ஒரு சொல்லும் பேசிக்கொள்ளவில்லை, ஆசிரியர் அறையில் அது எளிதாக இல்லை.

ரோட்டோரம் முதல் அணி 3 கண்டது. இரண்டாம் அணி கண்டதும் அதே 3. பழைய பாதையில் என் அணி 14, மற்ற அணி 12, இருவரும் கண்டது 8. பெருக்கி வகுத்தால் 21. நேரில் கண்டது 18. ஆக, மூன்று இன்னும் எங்கோ புதருக்குள் இருக்கின்றன. எண்கள் சிறியவை என்பதால் அந்த மூன்று என்பதை இறுகப் பிடித்துக்கொள்ளவில்லை. ஒரு அணி தவறவிட்டு மற்றது கண்டவை பெரும்பாலும் உண்ணிச் செடி மண்டிய இடங்களில். காப்பிச் செடிகளுக்கிடையே இருந்தவை எவையும் தவறவில்லை. கண்ணுக்குப் படுவதைத் தீர்மானிப்பது இங்கே உண்ணிச் செடி என்று இப்போது எண்ணாகவே தெரிகிறது.

ரோட்டோரம் நாங்கள் எதையும் தவறவிட்டதாகத் தெரியவில்லை. அப்படியும் கல் குறைவு. ஆளில்லாத பாதையில் கல் அதிகம். என் முதல் கணக்கு ரோடு என்று சொன்னது இந்தப் பாதையைத்தான் என்று நம்பத் தொடங்கியிருக்கிறேன். ஆனால் பரவல் சொன்னபடி கூட்டமாக எண்ணினால் 18 என்பது ஐந்து கூட்டம், 3 என்பது ஒன்று. ஐந்துக்கு ஒன்று. இதை வைத்துக்கொண்டு கரும்பலகையில் எதையும் எழுதவில்லை.

ஒன்று மட்டும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வால்டோ டோப்ளர் 1993இல் கொடுத்த நடைவேகச் சூத்திரம் இருக்கிறது: சமதளத்தில் மணிக்கு 5 கிலோமீட்டர், இலேசான இறக்கத்தில் 6, ஏற ஏறக் குறையும். அதை உயரத் தரவின் மேல் ஓட்டி, அடிவாரத்திலிருந்து மேலே வரக் குறைந்த நேரப் பாதை எது என்று கணினியைக் கேட்டோம். அது வரைந்த கோடு மேஸ்திரி ஐயாவின் பாதையோடு பெரும்பகுதி ஒட்டியே போனது. ஓரிடத்தில் மட்டும் பழைய பாதை சுற்றிக்கொண்டு போகிறது. நேரில் போய்ப் பார்த்தோம். அங்கே பாறைக்கடியில் ஓர் ஊற்று இருக்கிறது, சித்திரையிலும் வற்றாது என்று ஆடு மேய்ப்பவர் சொன்னார். ஐந்து கூட்டங்களில் பெரியது அந்த ஊற்றுக்கு மேலே உள்ள பாறையில். உயரத் தரவில் ஊற்று கிடையாது.

சமவெளியைப் பார்க்கின்றன என்பது நிற்கவில்லை. தற்செயல் புள்ளிகளும் அதே அளவு பார்க்கின்றன. படம் வரைந்த மாணவன் வருந்தினான். ஆனால் அந்த ஆயிரம் புள்ளிகளையும் அவனேதான் ஓட்டினான்.

பரவல் எழுதியது:

மிக அருமை. இரண்டு சங்கடங்களைச் சொல்லியாக வேண்டும். பாதையைத் தேடிக் கல் வந்ததா, கல் நிற்கிற இடம் வழியாகப் பாதை போனதா என்பதை இந்தத் தரவு பிரிக்காது. அதைவிடப் பெரியது, ரோட்டோரம் இன்று மூன்று இருப்பதால் அன்றும் மூன்றுதான் இருந்தது என்று ஆகாது. மேஸ்திரி ஐயா சொன்ன மாதிரி பலகைக் கல்லை எடுத்தவர்கள், தூக்க வசதியான இடத்தில்தான் எடுத்திருப்பார்கள். ரோட்டோரம் கண்ணில் நன்றாகப் படும், ஆனால் கல் அதிகம் அழிந்திருக்கும். இந்த அழிவை அளக்க உங்களிடம் ஒரு பழைய கணக்கு வேண்டும். செண்பகனூர் பாதிரியார் ஆங்கிலேடும் நியூட்டனும் பழனி மலைத் திட்டைகளைப் பார்த்து எழுதியது 1928இல் தொல்லியல் துறை வெளியீடாக வந்திருக்கிறது. அதில் உள்ள இடங்களுக்கு மறுபடி போய், எத்தனை இன்று நிற்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். அந்த விகிதம் ரோட்டின் தூரத்தோடு மாறுகிறதா என்பதுதான் அடுத்த கேள்வி.

கீழ்மலை_கணக்கு எழுதியது:

அது எனக்குத் தோன்றவே இல்லை. ஆமாம், அப்படியானால் ஐந்துக்கு ஒன்று என்பதும் ஆடிப்போகிறது. மேஸ்திரி ஐயா, நீங்கள் கல் எடுத்த இடம் ரோட்டுக்குப் பக்கமா, உள்ளேயா? எத்தனை திட்டை இருந்தது என்று நினைவிருக்கிறதா? உங்கள் நினைவையும் ஒரு பத்தியாகச் சேர்க்க விரும்புகிறேன், எவ்வளவு உறுதி என்பதையும் நீங்களே சொல்லலாம்.

பழைய_மேஸ்திரி எழுதியது:

ரோட்டுக்கு மேல்பக்கம்தான் அம்மா, கூப்பிடு தூரம். நாங்கள் பிரித்தது இரண்டு, அது உறுதி. பக்கத்தில் இன்னும் நாலோ ஐந்தோ சாய்ந்து கிடந்தன, அவற்றை ஜல்லிக்கு உடைத்தவர்கள் வேறு ஆட்கள். என் அண்ணனுக்கு இன்னும் சரியாகத் தெரியும், கேட்டு வைக்கிறேன். வாய்க்கால் மேல் போட்ட கல் இன்றும் அப்படியே இருக்கிறது, ஆறடி நீளம். அது நின்ற பள்ளத்தையும் என்னால் காட்ட முடியும்.

ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் பிள்ளைகளோடு வாருங்கள். அடுத்த வாரம் என்று தள்ளிப்போட வேண்டாம். மழை பிடித்துவிட்டால் அந்தச் சரிவில் அட்டை ஏறும், எனக்கும் முன்போல வழுக்குப் பாறையில் கால் நிற்பதில்லை.